எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பலாமா?

செங்காங் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

மகன் பாலர் பள்ளியில் கே1 படிக்கிறான். அவனுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்திருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்றிலிருந்து கஞ்சி, தயிர்சாதம், மைலோ எல்லாம் உள்ளே போகிறது. சோபாவில் ஏறிக் குதிக்கிறான். உள்ளங்கையில் இருந்த கொப்புளங்கள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. இடது குதிகாலில் ஒன்று மட்டும் பச்சைப்பயறு அளவுக்கு இன்னும் நீர் கோத்துப் பளபளவென்று இருக்கிறது. எம்சி ஞாயிற்றுக்கிழமை வரை. அதாவது திங்கட்கிழமை போகலாம் என்று கணக்கு.

திங்கட்கிழமை எனக்கு அலுவலகத்தில் முக்கியமான நாள், தள்ளிப்போட வழியில்லை. கணவருக்கு ஜூரோங் தீவில் ஷிப்ட் வேலை. மாமியார் உட்லண்ட்சில் இருக்கிறார், முட்டி அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் நடக்கிறார். அவரிடம் இவனைக் கொண்டுபோய் விட மனம் வரவில்லை.

இன்னொன்று. மூத்தவள் தொடக்கநிலை 4. அவளுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் கணிதத் தேர்வு. அவளை அனுப்பலாமா, அவளையும் வீட்டில் வைக்க வேண்டுமா?

காப்பி ஓ கொசோங்

அனுப்புங்க சிஸ். டாக்டர் நாள் கணக்குப் பார்த்துத்தானே எம்சி கொடுத்தார்? காய்ச்சல் இல்ல, சாப்பிடுறான், குதிக்கிறான். வேற என்ன வேணும்? பாலர் பள்ளியில அந்த நோய் வராத பிள்ளை எது? அவனுக்கே அங்கிருந்துதான் வந்திருக்கும்.

பாலர் ஆசிரியை

காப்பி ஓ அண்ணே சொல்வதில் ஒரு பாதி சரி. அவனுக்குப் பெரும்பாலும் பள்ளியிலிருந்துதான் வந்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். நான் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன், கதவுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

காலையில் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி வெப்பநிலை பார்ப்போம். கையைத் திருப்பச் சொல்வோம், உள்ளங்கை, புறங்கை, முழங்கால். "ஆ" காட்டச் சொல்லி டார்ச் அடித்து வாயைப் பார்ப்போம். நோய் வந்து திரும்பும் பிள்ளை என்றால் பாதத்தையும் பார்ப்போம். எம்சி முடிந்துவிட்டது என்பது ஒரு விஷயம், கொப்புளம் எல்லாம் காய்ந்துவிட்டதா என்பது இன்னொரு விஷயம். எங்களுக்கு இரண்டும் வேண்டும். ஈரமான கொப்புளம் ஒன்று இருந்தாலும் எங்கள் நிலையத்தில் உள்ளே விட மாட்டோம். காலை ஏழரை மணிக்கு வாசலில் நின்றுகொண்டு அம்மா அலுவலகத்துக்குப் போன் போட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

குதிகால் கொப்புளம் சின்ன விஷயம் இல்லையா என்று கேட்பீர்கள். வகுப்புக்குள் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் இருப்பார்கள். அதே தரையில் உருளுவார்கள், மதியம் பக்கத்துப் பக்கத்தில் மெத்தை போட்டுத் தூங்குவார்கள். கொப்புளம் உடைந்தால் அதில் இருக்கிற நீரிலும் கிருமி உண்டு. பக்கத்து வகுப்பில் பால்குடி மறக்காத பிள்ளைகள்கூட இருக்கிறார்கள், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும்.

எனவே இன்றே பள்ளிக்குப் போன் செய்து குதிகால் கொப்புளத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை வாசலில் வந்து கேட்பதைவிட இது உங்களுக்கே நல்லது. சில நிலையங்களில் மருத்துவரிடமிருந்து கடிதம் கேட்பார்கள், அதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

இரவுப்பணி தாதி

பிள்ளைகள் வார்டில் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எப்போதும் பெற்றோரிடம் கேட்பது: இவனால் இன்னொரு பிள்ளைக்கு வருமா? வராது என்றால், பள்ளியில் ஒரு முழு நாளை இவனால் தாங்க முடியுமா? முதல் கேள்விக்கான பதில் நோய்க்கு நோய் மாறும். இரண்டாவதற்குப் பதில் உங்கள் பிள்ளையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

காய்ச்சல் எதுவானாலும், மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். "மருந்து கொடுக்காமலே" என்பதுதான் இதில் முக்கியம். காலை ஆறு மணிக்குப் பனடோல் (பாரசிட்டமால்) கொடுத்து அனுப்பினால் வாசலில் வெப்பமானி 36.8 காட்டும், பத்து, பதினோரு மணிக்கு மறுபடி ஏறும். பள்ளியிலிருந்து போன் வரும். பிள்ளை அதுவரை ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும்.

வாந்தி, பேதி என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் வையுங்கள். நோரோவைரஸ் கூட்டத்தில் பரவுகிற வேகம் பயங்கரம். கை கிருமிநாசினி ஜெல் இதற்கும் சரி, கை, கால், வாய்ப்புண்ணுக்கும் சரி, அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். மேசை, பொம்மைகளை நீர்த்த பிளீச்சால் துடையுங்கள்.

சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளாகும். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு லேசாக வரும்போது பொருக்கே வராமல் சில புள்ளிகளோடு போய்விடும். அப்போது 24 மணி நேரம் புதிதாக ஒன்றும் வரவில்லையா என்று பாருங்கள். தட்டம்மை வேறு. தடிப்பு தொடங்கிய நாளுக்குப் பிறகு நான்கு நாள் கண்டிப்பாக வீடு. அதற்குப் பிறகும் மருத்துவர் சொன்னால்தான்.

இருமலை மட்டும் வைத்து ரொம்ப பயப்பட வேண்டாம். சளி போன பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். காய்ச்சல் இல்லை, மூச்சு வாங்கவில்லை, இரவில் தூங்குகிறான் என்றால் அது பள்ளிக்குப் போகிற இருமல்தான். ஆஸ்துமா பிள்ளை என்றால் இன்ஹேலர் பையில் இருக்கட்டும், ஆசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும்.

செங்காங் அம்மா, உங்கள் மகன் விஷயத்தில் டீச்சர் சொன்னதுதான் என் பதிலும். குதிகால் காயட்டும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் கிருமி பல வாரம் வரும். அதற்காகப் பல வாரம் வீட்டில் வைக்க முடியாது, யாரும் வைக்கச் சொல்லவும் மாட்டார்கள். கழிவறை போய்விட்டுக் கை கழுவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், பள்ளியிலும் சொல்லிவையுங்கள்.

மூத்தவளை அனுப்பலாம். நோய் உள்ளே நுழைந்து வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அதனால் தினமும் காலையில் அவள் வாயையும் உள்ளங்கையையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தம்பியின் கரண்டி, தண்ணீர்ப் போத்தல், துண்டு எல்லாம் தனியாக.

ஈசூன் அப்பா

தாதி அக்கா சொன்னதோடு டெங்கியையும் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கிற எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்து, விட்டது. வெப்பநிலை இறங்கிய காலையில் சீருடையை அயர்ன் பண்ணி நாற்காலியில் போட்டாயிற்று. ஆனால் அவள் எழுந்திருக்கவே இல்லை. வயிறு வலிக்கிறது என்றாள். பல் துலக்கித் துப்பியதில் இளஞ்சிவப்பாக இருந்தது. என் மனைவிதான் "இவ முகம் சரியில்ல, பள்ளி வேண்டாம், ஆஸ்பத்திரி" என்றாள். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு. ரத்தத்தட்டுக்கள் இறங்கியிருந்தன, உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அன்றைக்கு மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து விழுவது, இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கினால் "காய்ச்சல் விட்டாச்சு, பள்ளிக்குப் போ" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை பிள்ளை முகத்தைப் பாருங்கள். இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் வகை மருந்துகளை டெங்கி சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம்.

இரவுப்பணி தாதி

ஈசூன் அப்பா எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. சின்னம்மைக்கும் அந்த மருந்துகள் கூடாது, பனடோல் போதும்.

காப்பி ஓ கொசோங்

எல்லாம் சரி. எல்லாரும் "வீட்டுல வைங்க, வீட்டுல வைங்க"ன்னு எழுதுறீங்க. யார் வீட்டுல? யார் லீவுல?

நான் டெலிவரி வேலை பார்க்கிறேன், ஓடினாத்தான் காசு. மனைவிக்குக் கடையில விற்பனை வேலை. பிள்ளைக்கு எம்சி இருக்குன்னு சொன்னா அவளோட மேற்பார்வையாளர் "மறுபடியுமா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். அவ வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா பேசல. நாங்க பிள்ளைமேல அக்கறை இல்லாம அனுப்பல. அந்த ஒரு நாள் சம்பளத்துலதான் அந்த மாச மின்கட்டணம் இருக்கு. இதைப் பேசாம கிருமி எத்தனை நாள் பரவும்னு மட்டும் பேசினா அது பாதிப் பேச்சு.

ரெண்டு பசங்க

அண்ணே சொல்வது முழுக்க நியாயம். மேற்பார்வையாளர் கேட்டது தப்பு. அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள், மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். நான் மனிதவளத் துறையில் வேலை செய்கிறேன், தினமும் இதுதான் என் பிழைப்பு.

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு 7 வயது ஆகும்வரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் சம்பளத்தோடு பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அப்பாவுக்கு 6, அம்மாவுக்கு 6. நிறைய அப்பாக்கள் இதை எடுப்பதே இல்லை. முதல் 3 நாள் முதலாளி கொடுப்பார், மற்ற 3 நாளுக்கு அரசாங்கம் கொடுக்கும். வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆகியிருக்க வேண்டும். எத்தனை பிள்ளை இருந்தாலும் 6தான், பிள்ளைக்கு 6 இல்லை. கடைசிப் பிள்ளைக்கு 7 முதல் 12 வயது என்றால் 2 நாள். பிள்ளைக்குக் குடியுரிமை இல்லையென்றால், 7 வயதுக்குள் 2 நாள். 2 வயதுக்குள் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் சம்பளமில்லாத விடுப்பு 2024 முதல் ஆண்டுக்கு 12 நாள் ஆகிவிட்டது.

டெலிவரி மாதிரி சொந்தத் தொழில் கணக்கில் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் விடுப்பு எடுத்து இழக்கும் வருமானத்தில் ஒரு பகுதியை அரசாங்கத்திடம் கேட்க வழி இருக்கிறது, நிபந்தனைகள் உண்டு. அண்ணே, உங்கள் நிலைமையை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

செங்காங் அம்மா, உங்கள் கணவரிடம் விடுப்பு மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால், 2024 டிசம்பர் முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு (வேலை நேரம், இடம் மாற்றிக்கொள்வது) எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். இந்தத் திங்கட்கிழமைக்கு உதவாது, ஆனால் அடுத்த முறைக்கு உதவும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அடுத்த முறை கட்டாயம் வரும்.

பாட்டிமா

பேரப்பிள்ளைகள் நாலு பேரை வளர்த்த கை இது. என் மருமகள் திட்டினாலும் சொல்கிறேன். அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடக் கூடாது. தேக்கா சந்தையில் வேப்பிலை வாங்கி வந்து, மஞ்சளும் சேர்த்துத் தண்ணீரில் போட்டு, வெயிலில் வைத்து ஊற்றுவோம். மூன்று தண்ணீர். அதுவரை விருந்தாளி கூட உள்ளே வரக் கூடாது, வாசலில் வேப்பிலை சொருகியிருக்கும், பார்த்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இப்போது ஐந்தாம் நாளே எம்சி முடிந்தது, கிளம்பு என்கிறார்கள். பிள்ளை உடம்பு தேற நேரம் கொடுங்கள். இளநீர் கொடுங்கள். நாலு நாள் பள்ளி போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இரவுப்பணி தாதி

பாட்டிமா, திட்ட மாட்டேன். மூன்றாவது தண்ணீர் ஊற்றும் நாளைக்குள் பெரும்பாலும் பொருக்குத் தட்டியிருக்கும், அதனால் உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் அதிகம் விலகாது. வாசலில் வேப்பிலை கண்டால் திரும்பிப்போவது நல்ல வழக்கம். கொப்புளத்தின் மேல் மஞ்சள் அரைத்துப் பூச வேண்டாம், வேப்பிலையால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தோல் கிழிந்தால் வேறு கிருமி நுழையும். காய்ச்சல் அதிகமானால் சாமி காரியம் என்று மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். இவ்வளவுதான் நான் கேட்பது. 2020 நவம்பர் முதல் சின்னம்மைத் தடுப்பூசி தேசிய சிறார் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. நாலு பேரப்பிள்ளைகளுக்கும் போட்டாகிவிட்டதா என்று மருமகளிடம் கேளுங்கள்.

பாட்டிமா

சின்னவர்கள் இருவருக்கும் போட்டாயிற்று. பெரியவர்களுக்குத்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன் அம்மா.

கிழக்குக் கடற்கரை

இடையில் ஒரு கேள்வி. மகள் தொடக்கநிலை 6, பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது. தொண்டை வலி, லேசான காய்ச்சல். ஒரு நாள் விட்டால்கூடப் பின்தங்கிவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

ஈசூன் அப்பா

காய்ச்சலோடு வகுப்பில் உட்கார்ந்தால் மண்டையில் எதுவும் ஏறாது. வீட்டில் படுக்கட்டும். ஆசிரியர்கள் எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் பயிற்சி போடுவார்கள், தோழியிடம் குறிப்பு வாங்கிக்கொள்ளலாம். தேர்வு நாளிலேயே உடம்பு முடியாமல் போனால் மருத்துவரிடம் காட்டி எம்சி வாங்கிப் பள்ளிக்கு உடனே தெரிவியுங்கள், அதற்கென்று வழிமுறை இருக்கிறது. இப்போதைக்கு அவள் தூங்கட்டும், தொண்டையும் ஓய்வெடுக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்குக் குரல்தானே வேண்டும்.

விண்மீன் அம்மா

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையின் கடினமான கட்டம் முடிந்து இப்போது தினமும் மாத்திரை எடுக்கும் கட்டத்தில் இருக்கிறான். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும் வாரங்களில் மருத்துவர் பள்ளிக்குப் போகச் சொல்கிறார். அவனுக்குப் பள்ளி என்றால் உயிர். முடி திரும்ப வளர்ந்துவிட்டது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவன் வகுப்பில் இருக்கிற பெற்றோர் பலருக்கு இது தெரியாது. தெரிய வேண்டும் என்று நாங்களும் விரும்பவில்லை, அவன் எல்லாரையும்போல இருக்க ஆசைப்படுகிறான்.

உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் தடுப்பூசிகளைப் போட முடியாத பிள்ளை அவன். உங்கள் பிள்ளைக்கு ஒரு வாரம் சொறிந்துவிட்டுப் போகிற சின்னம்மை, அவன் நுரையீரல் வரைக்கும் போகலாம். தட்டம்மை இன்னும் மோசம். சின்னம்மை வந்த பிள்ளை பக்கத்தில் இருந்தான் என்று தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூப்பிட வேண்டும், ஊசியோ மருந்தோ எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. தெரிந்தால்தானே கூப்பிட முடியும்?

காப்பி ஓ அண்ணே, நீங்கள் லீவைப் பற்றி எழுதியது எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் வேலையை விட்டு இவனோடு இருக்கிறவள், சம்பளம் இல்லாத வீட்டின் கஷ்டம் எனக்குத் தெரியும். எல்லாரும் கூடுதலாக ஒரு வாரம் வீட்டில் இருங்கள் என்று நான் கேட்கவில்லை. சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். பள்ளிக்குப் போன் செய்யும்போது "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன நோய், எந்த நாளில் தெரிந்தது என்று சொல்லுங்கள். பள்ளி உங்கள் பிள்ளை பெயரைச் சொல்லாமல் எனக்குத் தகவல் மட்டும் சொல்லும். அந்தத் தகவல் எனக்குப் போதும்.

பாலர் ஆசிரியை

அம்மா, எழுதியதற்கு நன்றி. பெயர் சொல்லாமல் தகவல் மட்டும் கொடுப்பது என்பது உண்மை, நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நோயின் பெயரை மறைத்துவிட்டு "சளி" என்று சொல்கிற பெற்றோர் இருக்கிறார்கள். மற்ற அம்மாக்கள் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். கை, கால், வாய்ப்புண் அழுக்கான வீட்டுக்கு வருகிற நோய் இல்லை. சுத்தமான வீட்டுப் பிள்ளைக்கும் வரும். கூச்சமே வேண்டாம்.

காப்பி ஓ கொசோங்

விண்மீன் அம்மா, உங்க பையன் நல்லா வரணும். என்ன நோய்னு சொல்றதுக்குக் காசு செலவில்ல, லீவும் வேண்டாம். அதை நான் கண்டிப்பா செய்வேன், எங்க புளோக்குல இருக்கிற மத்த வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்றேன். லீவு விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான், அதை முதலாளிகள் கேட்கணும். ரெண்டு பசங்க தம்பி, செய்தி அனுப்பியிருக்கேன், பாருங்க.

செங்காங் அம்மா

எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளிப்பாட்டிவிட்டுப் பார்த்தேன், குதிகால் காயவில்லை. அழுத்தினால் இன்னும் நீர் நகர்கிறது. கணவர் ஷிப்டை மாற்ற முடியவில்லை, பிள்ளைப் பராமரிப்பு விடுப்பில் ஒரு நாள் எடுத்துவிட்டார். அவருக்கு இந்த ஆண்டு ஒரு நாள்கூடக் கழியவில்லை என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். நான் வேலைக்குப் போனேன். மூத்தவள் பள்ளிக்குப் போனாள், வாய், உள்ளங்கை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை காலை கொப்புளம் சுருங்கித் தோல் மட்டும் இருந்தது. படம் எடுத்து ஆசிரியைக்கு அனுப்பினேன், வரச்சொன்னார். எது எப்போது தெரிந்தது என்று முழுதாகச் சொல்லிவிட்டேன். அவனுடைய வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருக்கிறதாம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சனிக்கிழமை நீச்சல் வகுப்பு இருக்கிறது. போகலாமா?

இரவுப்பணி தாதி

இந்தச் சனிக்கிழமை வேண்டாம். தோல் முழுதாக உரிந்து புதுத் தோல் வரட்டும், அடுத்த வாரம் போகட்டும். இன்னும் சில வாரம் கழித்து நகம் ஒன்றிரண்டு கழன்று வந்தால் பயப்படாதீர்கள், இந்த நோய்க்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், தானாக வளர்ந்துவிடும்.

செங்காங் அம்மா

நகமா! நல்ல வேளை சொன்னீர்கள். நீச்சல் ஆசிரியருக்கு இப்போதே செய்தி அனுப்புகிறேன்.